பழைய படகின் பின்பலகைக்கு வெஸ்ட் சிஸ்டம் எபாக்ஸி

பழைய ஃபைபர்கிளாஸ் படகு வாங்குவதாக இருந்தால் முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். அவுட்போர்டு மோட்டாரைத் தாங்கும் அந்தப் பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான், போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உளுத்திருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். என் படகைத் திறந்தபோது உள்ளே ஈரமான கறுப்புத் தூள்.

புது மரைன் பிளைவுட்டை ஒட்ட எபாக்ஸி, அதாவது ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்து செய்யும் பசை; வெஸ்ட் சிஸ்டம் பிராண்டில் 105 ரெசினும் 206 ஹார்டனரும் வாங்கினேன், மனசு நிறைந்த வேலை. கலவை ரெசின் 5-க்கு ஹார்டனர் 1, அந்த விகிதத்துக்கே அளவு வைத்த அவர்களுடைய பம்பு இருந்தால் இதில் ஒரு அழுத்து, அதில் ஒரு அழுத்து, கணக்கே வேண்டாம். 205 ஹார்டனர் போட்டால் சீக்கிரம் இறுகிவிடும், வெயில் காலத்துக்கு 206தான் சரி. கலந்ததை டப்பாவிலேயே விட்டால் சூடேறிப் புகையும், உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். இறுகியபின் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியும், அதை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள்.

விலை அதிகம். பாலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் மரத்தை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காது. எபாக்ஸி வெயிலுக்குத் தாங்காது, மேலே பெயிண்ட் கட்டாயம். அப்புறம், போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவே மறுபடி துளையுங்கள், தண்ணீர் மரத்தைத் தொடவே வழியில்லை.