ஏழு கதவு என்று சொல்லி மூன்றைத் திறந்த பேய்ப்படம்: 199 ரூபாய் போனது இப்படித்தான்

வாடகைக்கு எடுத்த படத்தின் 48 மணி நேரக் கெடு சற்று முன்புதான் முடிந்தது. பிளே பட்டன் இருந்த இடத்தில் "மீண்டும் காண 199 ரூபாய்" என்று வந்து நிற்கிறது. அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சந்தா கட்டும் வகை அல்ல, படத்துக்குப் படம் காசு வாங்கும் வகை. படத்தின் பெயரும் வேண்டாம். சின்ன பட்ஜெட் தமிழ்ப் பேய்ப்படம், போஸ்டரில் "ஏழு கதவுகள். ஏழு ஆவிகள். ஒரே இரவு." என்று கொட்டை எழுத்து. அவ்வளவு அடையாளம் போதும்.

நம்பவைத்தது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1 நிமிடம் 50 விநாடி ட்ரெய்லர். அலறல், தலைமுடி, வெள்ளை கண் லென்ஸ் எல்லாம் வழக்கம்போல உண்டு, அதற்கெல்லாம் யாரும் ஏமாற மாட்டோம். நடுவில் ஒரே ஒரு ஷாட். நீளமான ரேழி. கேமரா அசையவில்லை. கோடியில் ஒரு கதவு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கிறது. இசை கிடையாது. 11 விநாடி கழித்துத் தாழ்ப்பாள் நகரும் சத்தம் மட்டும் கேட்கிறது.

பேய்ப்படத்தில் 11 விநாடி சும்மா இருக்கத் தெரிந்த ஆளிடம் சரக்கு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். கேமரா அசையாமல் நின்றால் பார்ப்பவர் கண் தானாக இருட்டு மூலைகளைத் துழாவ ஆரம்பிக்கும், இல்லாத உருவத்தைக்கூட உண்டாக்கிக்கொள்ளும். காசே செலவில்லாத பயம் அது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற ஆங்கிலப் பேய்ப்படம் அதை வைத்துத்தான் ஜெயித்தது: ஒரே வீடு, படுக்கையறை மூலையில் ஸ்டாண்டில் ஒரு கேமரா, ஏழு நாள் படப்பிடிப்பு, சுமார் 15,000 டாலர். அந்த ரகம் போலிருக்கிறது என்று நினைத்தாயிற்று. பக்கத்தைக் கீழே தள்ளினால் "4கே, 5.1 ஒலி, 2 மணி 4 நிமிடம்" என்று வேறு போட்டிருந்தார்கள். 199 ரூபாய். கட்டியாயிற்று.

அந்த 11 விநாடி ஷாட் படத்தில் இல்லை. சுருக்கியும் இல்லை, வேறு கோணத்திலும் இல்லை. இரண்டு தடவை ஓட்டி ஓட்டித் தேடியாயிற்று, இல்லவே இல்லை.

கதவுக் கணக்குக்கு வருவோம். முதல் கதவு 19-ஆவது நிமிடத்தில் திறக்கிறது, இரண்டாவது 44-இல், மூன்றாவது 63-இல். சரி, மெதுவாகப் போகிறது, பிற்பாதியில் மிச்ச நான்கும் வரிசையாக வரும் என்று உட்கார்ந்திருந்தால் 70-ஆவது நிமிடத்தில் கதாநாயகியின் இடது உள்ளங்கையில் கட்டு போட்டிருக்கிறது. எப்போது அடிபட்டது? தெரியாது. கூடவே இருந்த மாமாவைக் காணோம். வீட்டில் ஒருத்தரும் "மாமா எங்கே" என்று கேட்கவில்லை. அடுத்த காட்சியில் நாயகன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு "மிச்சக் கதவையெல்லாம் பூட்டியாச்சு, இனி பயமில்லை" என்கிறான். முதுகு காட்டும் இடத்தில் வசனம் வந்தால் உஷாராகுங்கள். வாயசைவு தெரியாததால், எடிட்டிங் முடிந்தபின் டப்பிங்கில் எதை வேண்டுமானாலும் செருகலாம். காட்சியைத் தூக்கிவிட்டு ஓட்டையை ஒரு வரியில் அடைக்கிற வேலை அது.

91-ஆவது நிமிடத்தில் கதை முடிந்துவிட்டது. அப்புறம் ஏழு நிமிடம் பெயர்கள் ஓடுகின்றன. மொத்தம் 98. பக்கத்தில் போட்டிருந்ததோ 124. தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் பார்த்தால் அதிலும் 124 நிமிடம்தான். அதாவது சான்றிதழ் வாங்கிய படம் ஒன்று, 199 ரூபாய்க்கு நம் தலையில் கட்டியது வேறொன்று. நான்கு கதவும் ஒரு மாமாவும் அந்த 26 நிமிடத்துக்குள் போய்விட்டார்கள்.

ஒலிதான் இதைவிட மோசம். 5.1 என்றால் ஆறு தடம்: முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு, தாழ் அதிர்வுக்கு ஒன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும், பின்னால் காலடி கேட்டால் பக்கவாட்டில் வரும். பேய்ப்படத்துக்கு 5.1 கேட்பதே அந்தக் காலடிக்காகத்தான். இங்கே ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் முகப்பில் 2.0 என்று எரிகிறது, அதாவது இரண்டே தடம். மெனுவில் வேறு ஒலித்தடமும் கிடையாது. வெறும் ஸ்டீரியோ. இசையும் வசனமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதால் கிழவி சாபம் சொல்லும் முக்கியமான இடம் பாதி புரியவில்லை.

திடுக்கிடவைக்கும் அடிகளை எண்ணியாயிற்று: 98 நிமிடத்தில் 31. அதில் ஆவி வருவது நான்கு தடவை. மற்றதெல்லாம் பூனை, குக்கர் விசில், செல்போன், தோளில் கை வைக்கும் நண்பன். இந்த வித்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வால் லூட்டன் தயாரித்து 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடப்பாள். குதிகால் சத்தம் தவிர எதுவும் கேட்காது. திடீரென்று சீறிக்கொண்டு ஒன்று பாயும், பார்த்தால் பஸ். இன்றைக்கும் சினிமாக்காரர்கள் அதை 'லூட்டன் பஸ்' என்பார்கள். அது வேலை செய்ததற்குக் காரணம் பஸ் இல்லை, அதற்கு முந்தைய அமைதி. சத்தம் அடிக்க வேண்டுமென்றால் முன்னால் சத்தம் இறங்க வேண்டும். இந்தப் படத்தில் பின்னணி இசை முதல் ரீலிலிருந்தே உச்சியில் நிற்கிறது, ஏற இடமே இல்லை. காதுக்கு வலிக்கிறது, நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பஸ் இல்லை, டெப்போவையே இறக்கியிருக்கிறார்கள்.

இருட்டு. கிணற்றடிக் காட்சியைப் பகலில் எடுத்து இரவாக மாற்றியிருக்கிறார்கள். அது தப்பில்லை, கையில் காசில்லாதவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதற்கு முறை இருக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, இரண்டு ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைக்க வேண்டும், வெயில் நடிகரின் முதுகுப் பக்கம் விழ வேண்டும், வானம் ஃப்ரேமுக்குள் வரக் கூடாது, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வொயிட் பேலன்ஸை 3200 கெல்வின் பக்கம் வைத்தால் நீலம் ஏறும். இவர்கள் உச்சி வெயிலில் எடுத்திருக்கிறார்கள். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிறது, மேலே அகலமாக வானம், கையிலுள்ள அரிக்கேன் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நீலச் சாயம் பூசிய மதியம்.

நிஜமாகவே ராத்திரியில் எடுத்த இடங்களில் வேறு கோளாறு. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றியிருப்பார்கள் போல, கறுப்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது. அந்தப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதால் வீடியோவைச் சுருக்கும்போது பிட்ரேட்டை (விநாடிக்கு ஒதுக்கிய டேட்டாவை) அவையே தின்றுவிடும், முகத்துக்கு மிச்சம் இருக்காது. 8 பிட் கோப்பில் கறுப்பு முதல் வெள்ளை வரை மொத்தமே 256 படி, வீடியோவில் பயன்படுவது 16 முதல் 235 வரை. இருட்டுச் சுவருக்கு அதில் கிடைப்பது சில படிகள்தான். அதனால் சுவரில் மரவளையம் மாதிரி பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஆவி வருவதற்கு முன்னால் வளையம் வந்துவிடுகிறது. 4கே என்றார்களே என்று தகவல் திரையைத் திறந்தால் 1920க்கு 1080, அதாவது வெறும் ஹெச்டி. அதே டிவியில், அதே ஆப்பில், அதே இணைப்பில் ட்ரெய்லர் சுத்தமாக ஓடுகிறது. ஆகக் குறை நம் பக்கம் இல்லை.

ஒப்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. தாடையோரம் லேடெக்ஸ் ஒட்டிய விளிம்பு தெரிகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து இரண்டு விநாடி காட்டியிருந்தால் அதே ஒப்பனை தப்பித்திருக்கும். டியூப்லைட்டுக்குக் கீழே 40 விநாடி நிற்க வைத்தால் எந்த ஆவிதான் தாங்கும்? வேப்பிலை கட்டிய நிலைவாசலைத் தாண்ட முடியாது என்று 22-ஆவது நிமிடத்தில் சொன்ன ஆவி 61-இல் சர்வசாதாரணமாகத் தாண்டி வருகிறது. கேட்பாரில்லை.

பட்ஜெட் இல்லை என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். ட்ரோன் ஷாட் மட்டும் ஒன்பது இருக்கிறது. அந்த வாடகையில் ஒழுங்கான ஒலிக்கலவைக்கு ஒரு பகுதியாவது தேறியிருக்கும்.

இனி காசு திருப்பிக் கேட்ட கதை. சாட்டில் முதலில் வந்தது பாட், தானாகப் பதில் சொல்லும் இயந்திரம். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்." கேச்சை அழிக்கச் சொன்னது. ஆப்பை அழித்து மறுபடி ஏற்றச் சொன்னது. இணைய வேகத்தைப் பார்க்கச் சொன்னது. 26 நிமிடம் குறைகிறது என்று எழுதினால் மறுபடி கேச்சை அழிக்கச் சொன்னது. நாற்பது நிமிடம் கழித்து மனிதர் ஒருவர் வந்தார். "படம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணம் திரும்ப வழங்கப்படாது." பிடிக்கவில்லை என்று யார் சொன்னது? 199 ரூபாய்க்கு 124 நிமிடம் என்று விற்றீர்கள், 98 வந்திருக்கிறது என்று தானே கேட்டது? அதற்கு வந்த பதில்: "ஃப்ரேம் ரேட் வேறுபாட்டால் நேரம் மாறலாம்."

இதைத்தான் தாங்க முடியவில்லை. விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25-இல் ஓட்டினால் நேரம் நான்கு சதவீதம் குறையும், உண்மைதான். 124 நிமிடம் 119 ஆகும். 98 ஆகாது. 98 ஆக வேண்டுமென்றால் 30 ஃப்ரேமுக்கு மேல் ஓட்ட வேண்டும், எல்லோரும் எலிக்குரலில்தான் பேசுவார்கள். இதைக் கணக்குப் போட்டு அனுப்பினால் சாட் துண்டிக்கப்பட்டது. மின்னஞ்சலில் புகார் எண் வந்தது. அடுத்த நாள் அதே எண்ணுக்கு "தீர்க்கப்பட்டது" என்று ஒரு தகவல். தீர்வு என்னவென்றால் 50 ரூபாய் கூப்பன், அதுவும் 249 ரூபாய்க்குக் குறையாமல் வாடகை எடுத்தால் மட்டும், ஏழு நாளுக்குள். 199 போனது போதாதென்று இன்னொரு 199 கேட்கிறார்கள். 249-இல் 50 கழித்துப் பாருங்கள்.

ட்ரெய்லரில் இருந்தது படத்தில் இல்லை என்று வழக்குப் போடலாமே என்பவர்களுக்கு: அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. 'ஃபேன்' இந்திப் படத்தின் ட்ரெய்லரில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒருவர் போட்ட வழக்கில், விளம்பர ட்ரெய்லர் ஒப்பந்தமோ வாக்குறுதியோ ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக ஏழு கதவையும் அந்த ரேழி ஷாட்டையும் பிடித்துத் தொங்கிப் பயனில்லை. பேய் பயமுறுத்தவில்லை என்பதும் நிற்காது. ஆனால் காசு கட்டும் பக்கத்தில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கும் 4கேயும் 5.1-உம் ட்ரெய்லர் அல்ல, விற்கும் பொருளின் விவரம். சண்டை போடுவதென்றால் அதில் மட்டும் போடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் வருபவர் அந்த அலுவலர் அல்ல. அலுவலருடைய பெயரும் முகவரியும் ஆப்பின் அடியாழத்தில் எங்கோ இருக்கும், தோண்டி எடுங்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: காசு கட்டும் முன் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எங்கள் புகார் போன மறுநாள் அங்கே 2 மணி 4 நிமிடம் 1 மணி 38 ஆகிவிட்டது. பிளே அழுத்தியதும் முதல் வேலையாகப் படத்தின் கடைசிக்குத் தள்ளி மொத்த நேரத்தைப் பாருங்கள், தணிக்கைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். ஓடும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக விழும், வேறொரு போனால் டிவியைப் படம் எடுங்கள். எல்லாவற்றையும் 48 மணி நேரத்துக்குள் செய்யுங்கள், கெடு முடிந்தால் ஆதாரத்துக்கும் 199 ரூபாய் கட்ட வேண்டிவரும். கூப்பனை வாங்கிக்கொள்ளாதீர்கள், வாங்கினால் தீர்ந்தது என்று எழுதிவிடுவார்கள். நுகர்வோர் உதவி எண் 1915. இப்போதுதான் அடித்தேன், வரிசையில் வைத்திருக்கிறார்கள்.