லாவினோவா, இடோட்டோவா: முதலில் எதை எடுக்கலாம்?

ஆப்பிரிக்கக் கவிதைக்குள் நுழைய நினைப்பவர்கள் கேட்பது இதுதான்: உகாண்டாவின் ஓகோட் பிபிடெக்கா, நைஜீரியாவின் கிறிஸ்டோபர் ஒகிக்போவா?

மொழி: ஓகோட் 'லாவினோவின் பாட்டு' என்ற நீள்கவிதையை முதலில் தன் தாய்மொழியான அச்சோலியில் எழுதி, பிறகு தானே ஆங்கிலமாக்கினார், ஆங்கில வடிவம் 1966இல் வந்தது. ஒகிக்போ நேரே ஆங்கிலத்தில் எழுதியவர்; நைஜீரியாவின் இபாதான் நகரில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தவர்.

சண்டை எங்கே: பாட்டைப் பாடும் மனைவி லாவினோவுக்கு வீட்டுக்குள்ளேயே. படித்த கணவன் ஓசோல், கிளெமன்டைன் என்ற நாகரிகப் பெண் பின்னால் போய்விட்டான். அவளுடைய உதட்டுச்சாயத்தைக் கனலும் கரி என்கிறாள் லாவினோ. கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை என்று கணவன் திட்டுகிறான்; குழந்தை அழுதால் பால் கொடுப்பேன், அதற்கு மணி எதற்கு என்பது இவள் கட்சி. பழைய முற்றத்துப் பூசணிக்கொடியைப் பிடுங்காதே என்ற அச்சோலிப் பழமொழி திரும்பத் திரும்ப வரும். நம்மூர்த் திண்ணையில் கேட்கிற குரல்தான். ஆனால் ஓசோலுக்குப் பேச வாய்ப்பே இல்லை. அவன் பதிலுக்குத் தனி நூல் உண்டு.

ஒகிக்போவுக்குச் சண்டை மனசுக்குள். கத்தோலிக்கராக வளர்ந்தவர், கவிதையில் ஊர் ஆற்றுத் தாய் இடோட்டோவின் முன் வெறுங்காலோடு, ஊதாரி மகனாகத் திரும்பி நிற்கிறார். ஊதாரி மகன் பைபிள் கதை, ஆறு அவருடைய இக்போ இனத்தின் தெய்வம். இரண்டும் ஒரே மூச்சில்.

எளிமை: ஓகோட், சந்தேகமே இல்லை. ஒகிக்போ முதல் வாசிப்பில் பாதிகூடப் பிடிபடாது.

கதையும் கேலியும் வேண்டுமென்றால் ஓகோட். சத்தமாகப் படித்து ஓசையில் கிறங்குபவர் என்றால் ஒகிக்போ. நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவுக்காகப் போரிட்டு 1967இல் இறந்தபோது அவர் முப்பதுகளில்தான் இருந்தார்.