30 ஆம்பியர்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்குற மோட்டார் ரிமோட் பெட்டி: வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

தோட்டத்து மோட்டார வீட்டுத் திண்ணையில உக்காந்தே ஆன் ஆஃப் பண்ணலாம்னு சொல்லி ஒரு வயர்லெஸ் ரிமோட் பெட்டிய இப்ப நிறைய எலக்ட்ரிக் கடையில விக்குறாங்க. கார் சாவி மாதிரி சின்ன ரிமோட், கூட ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள்ள ரிலே போர்டு, அதாவது சிக்னல் வந்தா தானா சேர்ந்து பிரியுற குட்டி சுவிட்ச். உடுமலைப் பக்கம் எங்க பெரியப்பா தோட்டத்துல இத மாட்டி மோட்டார் எரிஞ்சு போச்சு, அதவிட மோசமா ஆளே போயிருக்க வேண்டியது. கடை பேர இங்க போடல, புகார் ஓடிட்டு இருக்கு. ஆனா அந்த பெட்டி அந்த ஒரு கடையில மட்டும் இல்ல, அதனால விஷயத்த முழுசா சொல்லிடுறேன்.

பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி வரப்புல டார்ச் அடிச்சுக்கிட்டு கிணத்து மேட்டுக்கு போய் மோட்டார நிறுத்திட்டு வர்றது கஷ்டம், பாம்பு பயம் வேற. அதனால ரிமோட் வேணும்னு அவர் கேட்டதுல தப்பே இல்ல. டவுன்ல இருக்குற கடையில போய் மோட்டார் 1.5 எச்பி, ஓபன்வெல் (கிணத்துத் தண்ணிக்குள்ள இறக்குறது), சிங்கிள் பேஸ்னு தெளிவா சொல்லித்தான் கேட்டிருக்கார். கடைக்காரர் பெட்டிய காட்டி "இது 30 ஆம்பியருங்க, 3 எச்பி வரைக்கும் தாராளமா தாங்கும், ஒரு கிலோமீட்டர் எடுக்கும், ரெண்டு வருஷம் வாரண்டி"ன்னு சொல்லி, மாட்டி குடுக்குறதுக்கும் சேத்து 3,800 ரூபா வாங்கிட்டு ஆள் அனுப்பியிருக்கார். பில் கேட்டதுக்கு ஒரு துண்டு சீட்டுல எஸ்டிமேட்னு எழுதி குடுத்தாங்க, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, வாரண்டி பத்தி ஒரு எழுத்தும் இல்ல.

வந்த பையன் பண்ணது தான் இதுல பெரிய அநியாயம். மோட்டார் ரூம்ல ஏற்கனவே நல்ல பேனல் பெட்டி இருந்துச்சு, கெபாசிட்டர், ஷார்ட் ஆனா வெட்டுற எம்சிபி, ஆம்பியர் மீட்டர், மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா நிறுத்துற ஓவர்லோட் ட்ரிப் எல்லாம் வேலை செஞ்சுட்டு இருந்துச்சு. பெரியப்பா "அந்த பெட்டிய எதுக்குப்பா கழட்டுற?"ன்னு கேட்டதுக்கு "இனி அது எதுக்குங்க, ரிமோட்லயே எல்லாம் இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு, கெபாசிட்டர மட்டும் விட்டுட்டு எம்சிபியையும் ஓவர்லோடையும் தாண்டி, மெயின்ல இருந்து வர்ற லைன நேரா அந்த ரிலே போர்டுல குடுத்து அங்க இருந்து மோட்டாருக்கு கொண்டு போயிட்டான். ரிலே வெட்டுறது பேஸா நியூட்ரலான்னு கூட பாக்கல, அவன் வெட்டுனது நியூட்ரல். அதாவது ரிமோட்ல ஆஃப் பண்ணாலும் மோட்டார் வரைக்கும் பேஸ் நின்னுட்டே இருக்கும், ஆஃப்ல தான இருக்குன்னு நம்பி யாராவது கேபிள்ல கை வெச்சா அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு. நடுவுல ரெண்டு மூணு தடவ ராத்திரி மோட்டார் தானா ஓடிட்டு இருந்துச்சுன்னு பெரியம்மா சொல்லிட்டே இருந்தாங்க, கடையில கேட்டா "தெரியாம பட்டன் அமுங்கிருக்கும்ங்க"ன்னு முடிச்சிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் சாயந்தரம் பெரியப்பா ரிமோட்ல ஆஃப் அமுக்கியிருக்கார், பெட்டியில சிவப்பு லைட் அணைஞ்சது வீட்டுல இருந்தே தெரிஞ்சுது, சரி நின்னுடுச்சுன்னு படுத்துட்டார். மோட்டார் நிக்கல. விடிய விடிய ஓடி, கிணத்துல தண்ணி கீழ போயி, வெறும் காத்துல ஓடி, தண்டு சுத்துற புஷ் இறுகி, வைண்டிங் கருகிப் போச்சு. காலையில போய் பாத்தா கேபிள் எரிஞ்ச நாத்தம்.

நான் கோயமுத்தூர்ல பேனல் வயரிங் வேலையில இருக்கேன். மெயின ஆஃப் பண்ணி, பீஸ் கட்டையையும் உருவி கையில வெச்சுக்கிட்டு அந்த பெட்டிய திறந்தேன். வெளிய ஸ்டிக்கர்ல 30 ஆம்பியர், உள்ள தீப்பெட்டிய விட சின்னதா ஒரு நீலக் கலர் ரிலே, அதோட முதுகுலயே தெளிவா 10 ஆம்பியர் 250 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு. இந்த நீலக் கட்டிய எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பசங்க எல்லாருக்கும் தெரியும், காலேஜ் ப்ராஜெக்ட்ல பல்பு எரிய வைக்க வாங்குறது. முப்பதுன்னு ஸ்டிக்கர் ஒட்டுனவனுக்கு உள்ள பத்து இருக்குன்னு தெரியாம இருக்காது. ஸ்க்ரூடிரைவர் பிடியால அந்த ரிலேய லேசா ஒரு தட்டு தட்டுனேன், 'டிக்'னு சத்தம் வந்து காண்டாக்ட் விட்டுச்சு. அதாவது உள்ள இருக்குற ரெண்டு முனையும் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. போர்டுக்கு அடிப்பக்கம் ஈயத்தடம் பழுப்பேறி ஒரு இடத்துல பட்டை உரிஞ்சு நின்னுச்சு.

இது ஏன் ஆகுதுன்னா, ரிலேல போட்டிருக்குற அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரி சாதா லோடுக்கு. மோட்டார் அப்படி இல்ல. எங்க மோட்டார் நேம்பிளேட்லயே ஓடும்போது பத்து ஆம்பியருக்கு மேல, ஸ்டார்ட் ஆகுற அந்த நேரத்துல அதுக்கு நாலஞ்சு மடங்கு இழுக்கும். ஆஃப் பண்ணும்போதும் காயில் லோடுங்கறதால காண்டாக்ட் பிரியுற இடத்துல பொறி பறக்கும். ஒவ்வொரு ஆன் ஆஃபுக்கும் கொஞ்சம் கொஞ்சமா உருகி, ஒரு நாள் ஒட்டிக்கும். ஒட்டுனதுக்கு அப்புறம் ரிமோட்ல என்ன அமுக்குனாலும் நிக்காது. அந்த சிவப்பு லைட் காட்டுறது ரிலே காயிலுக்கு கரண்ட் போகுதா இல்லையான்னு மட்டும்தான், காண்டாக்ட் திறந்துச்சான்னு அதுக்கு தெரியவே தெரியாது. பெரியப்பா லைட்ட பாத்து நம்புனது நியாயம், அந்த லைட்ட அப்படி நம்ப வெச்சு வித்தது தான் ஏமாத்து வேலை.

இன்னொண்ணு, பழைய ஓவர்லோட் இருந்திருந்தா காப்பாத்தியிருக்குமான்னு கேக்குறாங்க. தண்ணி இல்லாம ஓடும்போது மோட்டார் கரண்ட் குறையத்தான் செய்யும், அதனால அந்த கட்டத்துல ஓவர்லோட் ட்ரிப் ஆகாது, அதுக்கு ட்ரை ரன் ப்ரொடெக்ஷன் தனியா வேணும். ஆனா சூடேறி புஷ் இறுகுனப்ப கரண்ட் ஏறியிருக்கும், அப்ப ஓவர்லோட் வெட்டியிருக்கும், புஷ்ஷோட செலவு முடிஞ்சிருக்கும், வைண்டிங் மிஞ்சியிருக்கும். அத கழட்டி மூலையில போட்டது கடைக்காரர் அனுப்புன ஆள்.

இப்ப சொல்லப் போறது தான் எனக்கு இன்னும் பதறுது. அந்த பெட்டியில இருந்து ஆன்டெனான்னு ஒரு மெல்லிசான வயர வெளிய இழுத்து மோட்டார் ரூம் கதவு நிலைக்கு மேல தொங்க விட்டிருந்தாங்க, நுனியில பிளாஸ்டிக் உரிச்சு செம்பு தெரியுது. போர்ட பாத்தா சப்ளைக்கு ட்ரான்ஸ்ஃபார்மரே இல்ல, ஒரு கெபாசிட்டரும் நாலு டையோடும் போட்டு 230 வோல்ட்ட நேரா இறக்கியிருக்கான். இப்படி பண்ணா காசு மிச்சம், ஆனா அந்த போர்டுல இருக்குற ஒவ்வொரு புள்ளியும் மெயின் கரண்டோட ஒட்டுனது தான். அப்ப ஆன்டெனாவும் தான! சந்தேகத்துல மெயின திரும்பப் போட்டு டெஸ்டர அந்த செம்பு நுனியில வெச்சேன், பளிச்சுன்னு எரிஞ்சுது. அந்த நிலைக்கு கீழ தான் பெரியம்மா ஈரக் கையோட கொடம் எடுத்துட்டு போவாங்க, லீவுக்கு வந்தா குழந்தைங்க அங்க தான் விளையாடும். அது யாரும் தொடுற உயரத்துல இல்லாததால தப்பிச்சோம், வேற ஒண்ணும் இல்ல. அப்பவே மெயின ஆஃப் பண்ணி வயர கழட்டிட்டேன்.

தானா ராத்திரி ஓடுனதுக்கும் காரணம் அந்த போர்டுலயே கிடைச்சுது. இந்த ரிமோட் எல்லாம் 433 மெகாஹெர்ட்ஸ்ல பேசுறது, எந்த ரிமோட்டுக்கு எந்த பெட்டின்னு தெரிய ஒரு கோடு இருக்கும். பழைய மாடல் சிப்புல எட்டு காலுக்கு ஈயம் வெச்சு வெச்சு அந்த கோட நாம தான் மாத்தணும். எங்க போர்டுல எட்டும் சுத்தமா இருந்துச்சு, ஒண்ணுல கூட ஈயம் வெக்கல. மேற்கால தோட்டத்துக்காரரும் அதே கடையில வாங்கியிருக்கார், அவர் ரிமோட்ட வாங்கி உள்ள பாத்தா அதுலயும் எட்டும் சும்மா கிடக்கு. அவர் மோட்டாருக்கு அமுக்கும்போது எங்க மோட்டாரும் ஓடியிருக்கு. கிணத்துக்குள்ள ஆள் இறங்கி மோட்டார பாத்துட்டு இருக்கும்போது இது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இவ்வளவுக்கும் ஈயம் வெக்க அஞ்சு நிமிஷம் தான் ஆகும்.

கடைக்கு போனோம். பெரியப்பா சத்தம் போடுற ஆள் இல்ல, எரிஞ்ச போர்ட மேசையில வெச்சு "உள்ள பத்துன்னு போட்டிருக்குதுங்களே"ன்னு தான் கேட்டார். கடைக்காரர் "ஏனுங்க, வோல்டேஜ் ஏறி இறங்குனா நாங்க என்ன பண்ண முடியும், சைனா ஐட்டத்துக்கெல்லாம் வாரண்டி எங்கயும் கிடையாதுங்க"ங்கறார். ரெண்டு வருஷம்னு சொன்னீங்களேன்னா "எழுதி குடுத்தமா?"ங்கறார். நான் ஓவர்லோட ஏன் கழட்டுனீங்கன்னு கேட்டதும் "தம்பி, உனக்கு தெரிஞ்சா நீயே மாட்டிக்க வேண்டியது தானப்பா"ன்னு எகிறிட்டார். கடைசியில வேற வழியில்லாம அதே மாதிரி இன்னொரு போர்டு சும்மா தர்றேன்னார். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டோம். ரீவைண்டிங், புஷ், கிணத்துல இருந்து மோட்டார தூக்குன கூலி எல்லாம் அந்த ரிமோட் விலைய விட அதிகமா போச்சு.

1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, அதுல பதிஞ்சாச்சு. அதுல முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போறோம். 2019 சட்டப்படி பில் குடுக்க மறுக்குறதே முறையற்ற வணிகம். பொருளோட விலை 5 லட்சத்துக்குள்ளன்னா ஆணையத்துல கட்டணம் கிடையாது, நாம இருக்குற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். பெரியப்பா பணத்த ஜிபேல தான் அனுப்பினார், கடைக்காரர் வாட்ஸ்அப்ல 30 ஆம்பியர்னு அனுப்புன போட்டோவும் இருக்கு, துண்டு சீட்டும் பத்திரமா இருக்கு. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எரிஞ்ச போர்ட கடையில திருப்பி குடுத்துடாதீங்க, அதான் சாட்சி. ஸ்டிக்கரும் ரிலே மேல இருக்குற எழுத்தும் ஒரே படத்துல தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ரிமோட்டே வேண்டாம்னு நான் சொல்லல, வயசானவங்களுக்கு அது எவ்வளவு உதவின்னு எனக்கு தெரியும். பெரியப்பா தோட்டத்துல இப்பவும் ரிமோட் இருக்கு, ஆனா முறையா. மோட்டார் கரண்ட தூக்குறது காண்டாக்டர்ங்கற பெரிய காந்த சுவிட்ச், ரிலே அந்த காண்டாக்டர் காயில மட்டும் தான் தொடுது, காயிலுக்கு ஒரு ஆம்பியர் கூட வேண்டாம், அதுக்கு அந்த நீல ரிலேவே தாராளம். காண்டாக்டர் வாங்கும்போது மேல ரெண்டு நம்பர் இருக்கும், ஏசி-1, ஏசி-3னு. மோட்டாருக்கு ஏசி-3ல இருக்குற நம்பர தான் பாக்கணும், ஏசி-1 ஹீட்டர் மாதிரி லோடுக்கு, அந்த நம்பர் பெருசா இருக்கும், கடையில அத காட்டி விப்பாங்க. நாங்க ஏசி-3ல 18 ஆம்பியர் போட்டோம். ஒரு ரிலே ஸ்டார்டரோட பச்சை (ஆன்) பட்டனுக்கு பக்கவாட்டுல (பேரலல்), ஒரு செகண்ட் ஒட்டி விடுற மாதிரி, இன்னொரு ரிலே சிவப்பு (ஆஃப்) பட்டனோட வரிசையில (சீரிஸ்). பட்டன் வேலை அப்படியே இருக்கு, ஓவர்லோட் அப்படியே இருக்கு, கரண்ட் போயிட்டு வந்தா மோட்டார் தானா கிளம்பாது. கிணத்துல தண்ணி இறங்குனா வெட்டுற ட்ரை ரன் ரிலே தனியா இருக்கு. ரிமோட் போர்டுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச 12 வோல்ட் அடாப்டர், ஆன்டெனா நுனியில டெஸ்டர் எரியாது. மோட்டார் நிஜமா ஓடுதா நின்னுச்சான்னு வீட்டுல இருந்தே தெரியணும்னா கரண்ட அளந்து போனுக்கு சொல்லுற ஜிஎஸ்எம் ஸ்டார்டர் தான் வாங்கணும், ஒரு வழி ரிமோட்டால அது முடியாது.

த்ரீ பேஸ் மோட்டாருக்கும் இதே பெட்டிய மூணு ரிலே வெச்சு விக்குறாங்கன்னு கேள்விப்படுறேன், மூணுல ஒண்ணு ஒட்டி ரெண்டு விட்டாலும், ஒண்ணு மட்டும் சேராம போனாலும் வம்பு தான், தயவு செஞ்சு அந்த பக்கமே போகாதீங்க.

ஏற்கனவே மாட்டியிருக்கீங்கன்னா நாளைக்கு காலையிலயே மெயின் ஆஃப் பண்ணி எலக்ட்ரீஷியன வெச்சு பெட்டிய திறந்து பாருங்க: நீல ரிலேல இருந்து வயர் நேரா மோட்டாருக்கு போகுதா, பழைய ஸ்டார்டர் வழியா போகுதா, ஆன்டெனா நுனி மூடியிருக்கா. நேரா போகுதுன்னா மாத்துற வரைக்கும் ரிமோட்ட தொடாதீங்க, ஆன்டெனா பக்கம் குழந்தைங்கள விடாதீங்க. படம் எடுத்து அனுப்புங்க, எந்த நேரம்னாலும் பாத்து சொல்றேன், இதுக்கு ஒரு பைசா வேண்டாம்.