பெரியப்பாவின் இனிஷியல்

கடந்த டிசம்பரில் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போய்வந்தேன். காட்பாடியில் இறங்கி, பாகாயம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஆரணி சாலையில் கணியம்பாடிப் பக்கம் போகும் பழைய பயணத்திலோ, வங்கியிலோ, நெடுநாள் தள்ளிப்போட்ட பட்டா மாற்றத்திலோ சொல்லத்தக்க குறை ஒன்றும் இல்லை. இங்கே எழுதப்போவது முழுவதும் ஒரு கருங்கல்லில் தவறாக வெட்டப்பட்ட ஓர் எழுத்தைப் பற்றியது.

எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள்; எங்கள் ஊரும் அதற்கு அதிகம் பின்தங்கியதல்ல. டிரங்குப் பெட்டியோடு லீவில் வருகிறவர்களையும், கேன்டீன் சோப்பின் வாசனையையும், மாதம் பிறந்தால் மணியார்டருக்காகத் தபால்காரரைப் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்தே நான் வளர்ந்தேன். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்களுக்காக ஊரில் ஒரு நினைவுத் தூண் எழுப்பப்போவதாக முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்து முடிவு செய்தபோது, இங்கிலாந்திலிருந்து என்னால் இயன்ற தொகையை அனுப்பினேன். 1971 போர் முடிந்த நாளான டிசம்பர் 16-இல் திறப்பு விழா என்றார்கள். அதற்காகவே விடுப்பை மாற்றிக்கொண்டேன்.

என் பெரியப்பா அந்தப் போரில் மேற்கு எல்லையில் இறந்தவர். 1970 ஆவணியில் கல்யாணம். 15 மாதம் கழித்துத் தந்தி. இன்றைய இளைஞர்கள் மூவண்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வருவதையே பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் 1999 கார்கில் போரோடு வந்த வழக்கம். அதற்கு முன் போர்முனையில் விழுந்தவர்களை அங்கேயே தகனம் செய்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவை ஒரு பெட்டி, இரண்டு உடுப்பு, ஒரு கைக்கடிகாரம். பெரியம்மாவுக்குப் போய் நிற்க ஒரு சமாதி கிடையாது, பூப்போட ஒரு மேடு கிடையாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவருக்குக் கிடைக்கவிருந்த முதல் இடம் இந்தக் கல்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

விழாவுக்கு எட்டு நாள் முன்பாகவே போய்விட்டதால், கல் தயாராகிக்கொண்டிருந்த பட்டறைக்குத் தம்பியோடு சென்றேன். சாக்குப் போர்த்திக் கிடந்தது. மேலே தலைகீழாக நிறுத்திய துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும் அழகாகச் செதுக்கப்பட்டிருந்தன. அதன் கீழே திறந்து வைப்பவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்புரை ஆற்றுபவர் ஆகியோரின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன. இறந்தவர்களின் பெயர்கள் அவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில். பெரியப்பாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். இனிஷியல் 'கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கோ' என்று இருந்தது.

ஓர் எழுத்துதானே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் ஒரே பெயருடையவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த ஓர் எழுத்து மட்டுமே. பெரியப்பாவின் பெயரோடு 'கோ' சேர்ந்தால் அது வேறொரு மனிதர். அவர் உயிரோடு இருக்கிறார். 74 வயதிலும் வயலுக்குப் போய்வருகிறார், பட்டாளத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. செய்தி எப்படியோ அவர் காதுக்கும் போய், அன்று மாலையே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "செத்தவன் என் சினேகிதன், கண்ணு. அவன் எடத்துல என் பேரு இருந்தா நான் எப்பிடி அந்தப் பக்கம் நடக்கறது?" என்று அவர் கேட்டதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

தவறு எப்படி நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. விழாக் குழுவினர், பட்டியல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து வந்தது என்றார்கள். வேலூரில் உள்ள அந்த அலுவலகத்திற்குப் போனால், தாங்கள் ஆங்கிலத்தில்தான் கொடுத்தோம், தமிழில் அடித்தது டிடிபி கடை என்றார்கள். கடைக்காரர், தமிழ் எழுத்துகளையும் அலுவலகத்தில் ஒருவர்தான் பேனாவால் குறித்துக் கொடுத்தார் என்று அந்தத் தாளையே எடுத்துக் காட்டினார். ராணுவப் பதிவேட்டில் பெரியப்பாவின் இனிஷியல் ஆங்கில 'கே'. அது 'கு'வா, 'கோ'வா, 'கி'யா என்று தெரியாதபோது யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் ஊரின் வாக்காளர் பட்டியலைப் புரட்டி, அதே பெயருடைய ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1971-இல் இறந்துபோனவர் இன்றைய வாக்காளர் பட்டியலில் எப்படி இருப்பார் என்ற கேள்வி அந்த மேசையில் எழவே இல்லை. எங்கள் வீடு அந்த அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. பெரியம்மாவின் கைப்பேசி எண் அவருடைய பென்ஷன் கோப்பிலேயே இருக்கிறது.

திருத்தக் கேட்டபோது ஆவணம் கேட்டார்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்தோம். இரண்டிலும் பெயர் ஆங்கிலத்தில், அதே 'கே'யுடன். டெல்லி தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது என்றேன். அதுவும் தமிழில் இல்லையே என்றார்கள். அன்று இரவு பெரியம்மா தம்முடைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, ஓரங்களில் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். தாத்தாவின் முழுப் பெயர், பெரியப்பாவின் முழுப் பெயர், ஊர், நாள் எல்லாம் தெளிவான தமிழில் அச்சாகியிருந்தன. மறுநாள் அலுவலகத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணப் பத்திரிகை ஆவணம் ஆகாது, சார், என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

நான் 24 ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கிறேன். இங்கே ஏறக்குறைய எல்லாச் சிற்றூரிலும் ஒரு போர் நினைவுச் சின்னம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை முதல் உலகப்போருக்குப் பின் அந்தந்த ஊர்க்காரர்கள் பணம் போட்டு எழுப்பியவை. கல்லில் கை வைப்பதற்கு முன் பல ஊர்களில் பெயர்ப்பட்டியலைத் தேவாலய வாசலிலோ தபால் நிலையத்திலோ ஒட்டி, உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட்டு, தவறு இருந்தால் சொல்லுங்கள் என்று வீட்டாரிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டாம் ஞாயிறன்று நான் வசிக்கும் ஊரில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கிறார்கள். திறந்து வைத்தவரின் பெயரைக் கல்லில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெயர்களும் இப்படி ஒரு நாள் ஒலிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே ஆங்கிலேயர்கள் நம்மவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்லை நின்று படித்தவர்களுக்குத் தெரியும்: இங்கிருந்து 277 பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தார்கள், அவ்வளவுதான். அந்த 14 பேர் யார், எந்தத் தெரு, யாருடைய பிள்ளைகள் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவகத்திலும் சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகவே பொறிக்கப்பட்டார்கள். இத்தகைய பாரபட்சங்களுக்காகப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல்தான் மன்னிப்புக் கேட்டது. வெள்ளைக்காரன் எண்ணிக்கையாக விட்டுச்சென்றதை நாமே நம் பணத்தில் பெயராக மாற்றும்போது, அந்தப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம்முடைய கடமை இல்லையா?

பெயர் பொறிக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. பழைய வடஆற்காட்டைச் சேர்ந்த செங்கம் வட்டாரத்தில் எத்தனையோ நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடுகளைக் காத்து விழுந்த வீரனின் பெயரோடு, கள்ளர்களைக் கடித்த அவனுடைய நாயின் பெயரையும், கோவிவன் என்று, அந்தக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரை விசாரித்து எழுதிய மண் இது.

கடைசியில் உதவியவர் பட்டறைக்காரர். அலுவலகம் ஒதுக்கிய பத்திரிகையை அவர் விளக்கின் கீழ் வைத்து இரண்டு முறை படித்தார். கம்ப்யூட்டரில் வெட்டிய ஸ்டிக்கரை ஒட்டி மணலைப் பாய்ச்சி எடுக்கும் எழுத்து அது. பாலிஷ் போட்ட கருங்கல்லில் விழுந்த பள்ளம் விழுந்ததுதான். புதுக் கல் வாங்கக் குழுவிடம் பணம் இல்லை, நான் தருகிறேன் என்றாலும் நாள் இல்லை. கருங்கல் பொடியை ஆரால்டைட்டில் குழைத்துப் பள்ளத்தை நிரப்பி, காயவிட்டு, தேய்த்து, அதன்மேல் 'கு'வைக் கையாலேயே உளியால் வெட்டித் தருவதாகச் சொன்னார். இரண்டு இரவு செய்தார். கூலி கேட்டதற்கு, "மிலிட்டரிக்காரரு பேரு சார், அதுக்குக் காசு வேணாம்" என்று மறுத்துவிட்டார்.

அவர் வேலை செய்துகொண்டிருந்த நாளில், தெருவில் உள்ள ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமாவும் நானும் பெயர்ப்பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினோம். காலையும் மாலையும் ஊரில் பாதி அங்கே கேனோடு வந்து நிற்கும். மறுநாள் மாலைக்குள் மூன்று வீட்டார் வந்தார்கள். ஒருவரின் ஊர்ப்பெயரே தவறு. ஒருவருக்கு அப்பா பெயர் மாறியிருந்தது. 1962-இல் சீன எல்லையில் காணாமற்போன ஒருவரின் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. ஒரே ஒரு தாளுக்குக் கிடைத்த பயன் இது. முதல் இரண்டையும் பட்டறைக்காரர் திருத்திவிட்டார். மூன்றாவதற்குக் கல்லின் முன்பக்கத்தில் இடம் இல்லை, பின்பக்கத்தில்தான் வெட்ட முடிந்தது. திறந்து வைப்பவரின் பெயர் சற்றுச் சிறிதாக இருந்திருந்தால் இடம் இருந்திருக்கும்.

விழா, சிறப்பு விருந்தினரின் வசதிக்காக 16-லிருந்து 19-க்குத் தள்ளிப்போய், அன்றும் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. வெயிலில் நாற்காலி இல்லாமல் நின்ற பெரியம்மாவுக்கு யாரோ ஒரு பள்ளிப் பிள்ளை இடம் கொடுத்தது. நிறையப் பேசினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். பெயர்களை மட்டும் யாரும் வாசிக்கவில்லை. கார்கள் கிளம்பிய பிறகு ஹவில்தார் மாமா கல்லின் முன் நிமிர்ந்து நின்று, முன்பக்கத்துப் பெயர்களையும் பின்பக்கத்துப் பெயரையும் உரக்க வாசித்தார். வீட்டார் மட்டும் நின்றோம். சாய்ந்த வெயிலில் பார்த்தால் 'கு' இருக்கும் இடம் சற்று மங்கலாகத் தெரிகிறது. பெரியம்மா அங்கே விரலை வைத்து, "இதுதான, கண்ணு?" என்று கேட்டுக்கொண்டு, கொண்டுவந்திருந்த கதம்பத்தை வைத்தார்.

பக்கத்து ஊரிலும் இப்போது இதே போல ஒரு தூண் எழுப்பப்போகிறார்கள். அந்தக் குழுவினர் நான் கிளம்புவதற்கு முன் வந்து பேசினார்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டாமல் பட்டறைப் பக்கம் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ரேஷன் கடை வாசலில் ஒட்டியிருப்பதாகத் தம்பி போன வாரம் போனில் சொன்னான். 1965 போரில் இறந்த தன் அண்ணனின் பெயர் அதில் இல்லை என்று ஒரு மூதாட்டி ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கல் இன்னும் வாங்கவில்லையாம்.