ஃபோமட் செய்வதா, ரீசெட் செய்வதா, புதிய தட்டுப் போடுவதா?

தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ உள்ள ஒரு கணினிக் கடையில் மடிக்கணினியைக் கொடுத்து, "இது மிகவும் மெதுவாக இயங்குகிறது" என்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் விடை "ஃபோமட் பண்ணி விண்டோஸ் போடணும்" என்பதுதான். பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று குறிப்பிடும் அந்த விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு ஒரு வழி மட்டும் இருப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நம் முன்னே நான்கு வழிகள் உள்ளன: விண்டோஸுக்குள்ளிருந்தே ரீசெட் செய்வது, அதாவது அதைத் தொடக்க நிலைக்குத் திருப்புவது, பென் டிரைவில் இருந்து புதிதாக நிறுவுவது, பழைய வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான புதுவகைத் தட்டு) ஒன்றில் நிறுவுவது, விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவசப் பணிசெயல் முறைமைக்கு மாறுவது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் மூன்றாவது வழியே மலையகத்து வீடுகளுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. பணம் இல்லாவிட்டால் இரண்டாவது வழியைக் கவனமாகச் செய்யலாம்.

எந்த வழியில் இறங்கினாலும் அதற்கு முன்பு தட்டின் உடல்நிலையைப் பார்த்துவிட வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், வன்தட்டு தன்னைப் பற்றித் தானே பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறிப்புகளை வாசித்துக் காட்டும். அது எச்சரிக்கை காட்டுகிறதென்றால் பிரச்சினை விண்டோஸில் இல்லை, தட்டிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட தட்டில் எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் மந்தம் திரும்பி வரும். அதற்குள் ஆவணங்களையும் இழக்க நேரலாம். கடைக்குக் கொண்டு செல்வதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாது.

ரீசெட் செய்வது நான்கிலும் எளிதானது. பென் டிரைவும் வேண்டாம், இன்னொரு கணினியும் வேண்டாம். கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவை எடுத்தால், நம் ஆவணங்களும் படங்களும் அப்படியே இருக்க, நாம் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் நீக்கப்படும். ஆனால் இணையத்தில் இருந்து தரவிறக்கி நிறுவும் தெரிவு 4 ஜிகாபைட்டுக்கும் மேல் டேட்டாவை எடுத்துக்கொள்ளும். தொலைபேசி டேட்டாவை நம்பி இருக்கும் ஒரு லயன் வீட்டில், அதுவும் சிக்னலுக்காக மேட்டுப் பக்கம் நடக்க வேண்டிய தோட்டங்களில், இது சிறிய விடயம் அல்ல. தட்டில் உள்ள கோப்புகளைக் கொண்டே நிறுவும் மற்றத் தெரிவு டேட்டா எதுவும் கேட்காது. ஆயினும் அந்தக் கோப்புகளே கெட்டுப்போயிருந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். மேலும் பழைய வன்தட்டில் ரீசெட் முடிய மணிக்கணக்காகலாம். பற்றரி செத்துப்போன மடிக்கணினியில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மரம் விழுந்து மின்சாரம் நின்றால் விண்டோஸ் எழும்பாமலே போகலாம். அப்போது எப்படியும் பென் டிரைவைத் தேடித்தான் ஆக வேண்டும். வைரஸ் தொல்லைக்காக மறுநிறுவல் செய்பவர்களுக்கும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் வைத்துக்கொள்ளும் கோப்புகளோடு வைரஸும் தங்கிவிடலாம்.

பென் டிரைவில் இருந்து நிறுவுவதற்கு 8 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒன்று போதும். வைஃபை உள்ள நண்பர் வீட்டில் ஒரு முறை தரவிறக்கிக்கொண்டால் ஊரிலுள்ள பத்துக் கணினிகளுக்கு அதையே பயன்படுத்தலாம் என்பதே இதன் பெரிய வசதி. உரிமம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. விண்டோஸுடனேயே விற்கப்பட்ட கணினிகளில், விண்டோஸ் 8 காலத்தில் இருந்து, உரிமக் குறியீடு பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை நிறுவினால் அது தானாகவே செயற்படும்.

இந்த வழியில் ஆபத்தான கட்டம் ஒன்றே ஒன்று, அதில்தான் அதிகம் பேர் இழப்பைச் சந்திக்கிறார்கள். நிறுவும்போது தட்டின் பிரிவுகள் பட்டியலாகத் தோன்றும். அங்கே சி, டி என்ற எழுத்துகள் இருக்காது, பிரிவு 1, பிரிவு 2 என்ற எண்களும் அளவுகளுமே இருக்கும். எங்கள் பாடசாலையில் என்னோடு கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் "டி டிரைவைத் தொட வேண்டாம், தம்பி" என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் பட்டியலில் எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டார்கள். மூன்று வருடத் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அதோடு போயின. டி பிரிவுக்கு முன்கூட்டியே ஒரு பெயரைச் சூட்டி, அதன் அளவை ஒரு தாளில் எழுதி மடிக்கணினியிலேயே ஒட்டிக் கொடுத்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. டி பிரிவு இருப்பதாலேயே பாதுகாப்பு இருப்பதாகவும் நினைக்கக் கூடாது: சியும் டியும் ஒரே தட்டின் இரண்டு அறைகள், தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

தவறுதலாக அழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விரைவு ஃபோமட் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே அழிக்கிறது. வன்தட்டில் கோப்புகளின் உள்ளடக்கம் அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். ஆகவே கணினியை உடனே நிறுத்தி, தட்டைக் கழற்றி, மீட்பு மென்பொருள் உள்ள இன்னொரு கணினியில் இணைத்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. முழு ஃபோமட்டில் அந்த வாய்ப்பு இல்லை, ஏனெனில் விண்டோஸ் விஸ்டாவில் இருந்து அது தட்டு முழுவதும் பூச்சியங்களை எழுதிவிடுகிறது. எஸ்எஸ்டியிலோ விரைவு ஃபோமட் செய்தாலும் மீட்பது அநேகமாக இயலாது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு இழப்பும் உண்டு. மலையகத்தில் வினாத்தாள்களும் கோயில் கணக்குகளும் சங்கக் கடிதங்களும் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்படுகின்றன. பாமினி யூனிகோட் அல்லாத எழுத்துரு; அதாவது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளுக்கே தமிழ் வடிவங்களைக் கொடுத்திருக்கும் எழுத்துரு. மறுநிறுவலுக்குப் பின் அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், தமிழ் வரிகள் அனைத்தும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதை அழித்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோப்புகளை வைத்துக்கொள்ளும் ரீசெட்டுக்கு முன்பாயினும் சரி, ஃபோமட்டுக்கு முன்பாயினும் சரி, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் பகுதியில் இருந்து பாமினியைப் பென் டிரைவில் எடுத்து வைப்பது அவசியம்.

இனி எஸ்எஸ்டி வழி. இதை நான் முதலிடத்தில் வைப்பதற்கு வேகம் மட்டும் காரணமல்ல, வேக வேறுபாடு முதல் நாளிலேயே தெரிந்துவிடும் என்றாலும். முக்கிய காரணம், இந்த வழியில் பழைய தட்டில் எதையுமே ஃபோமட் செய்யத் தேவையில்லை என்பது. இரண்டரை அங்குல வன்தட்டு உள்ள பழைய மடிக்கணினிகளில் சில திருகாணிகளைக் கழற்றினால் அதே இடத்தில் எஸ்எஸ்டி பொருந்திவிடும். பழைய தட்டு, அதில் இருந்த பாமினி உட்பட, அப்படியே மேசை இழுப்பறையில் இருக்கும்; மறந்துபோன கோப்பு எதுவானாலும் யூஎஸ்பி உறையொன்றில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தட்டுகளுக்கும் இடமுள்ள கணினியாக இருந்தாலும் நிறுவும் நேரத்தில் பழையதைக் கழற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் விண்டோஸ் தனது தொடக்கக் கோப்புகளைப் பழைய தட்டில் போய் எழுதிவிடக்கூடும்.

லினக்ஸ் மின்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது. அதற்கு முந்திய கணினி வைத்திருப்பவர்களுக்கு, 2029 வரை ஆதரவுள்ள மின்ட் 22 நேர்மையான தெரிவு. தட்டைத் தொடாமலே பென் டிரைவில் இருந்து இயக்கிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளலாம். பாமினியும் அதில் இயங்கும். ஆனால் வேர்டில் அமைத்த வினாத்தாள்களின் பக்க அமைப்பு வேர்டுக்குப் பதிலாக அதில் பயன்படும் லிப்ரே ஆபிஸில் கலையக்கூடும் என்பதால், அத்தகைய வேலையே பிரதானமாக உள்ள ஆசிரியர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. இணையமும் காணொளியும் போதும் என்ற வீட்டுக்குத் தயங்காமல் சொல்வேன்.

விண்டோஸ் 11ஐப் பென் டிரைவில் இருந்து நிறுவுபவர்கள் கடைசியில் ஒரு தடையைச் சந்திக்கக்கூடும்: அமைவு முடிவதற்கு இணையம் கேட்கும், வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரோ சில கணினிகளில் இன்னும் ஏறியிருக்காது. அப்போது தொலைபேசியைக் கேபிளால் இணைத்து தொலைபேசி இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் பெரும்பாலும் இணைப்புக் கிடைத்துவிடும்.