ரிசானியா, கர்தாயாவா? தம்பதியாகப் போக எந்தச் சஹாரா சந்தை ஊர்?

கையில் மூன்று நாள்தான், பார்க்க வேண்டியது சந்தையும் ஊரும் என்றால் இப்படிப் பாருங்கள்.

போய்ச் சேர:
ரிசானி (மொராக்கோ): பேஸ் (Fes) நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும்.
கர்தாயா (அல்ஜீரியா): அல்ஜியர்ஸிலிருந்து சுமார் 600 கி.மீ., உள்நாட்டு விமானம் உண்டு.

சந்தை:
ரிசானி: ஞாயிறு, செவ்வாய், வியாழன் மட்டும். கழுதைகளை நிறுத்தவே தனி இடம். உள்ளே ஆடு, பேரீச்சை, மசாலா. இறைச்சியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட மத்பூனா ரொட்டி ஒன்று இருவருக்குத் தாராளம்.
கர்தாயா: தினமும் கடை உண்டு, கம்பளம் பிரமாதம். பக்கத்து ஊரான பெனி இஸ்குவெனில் மாலை நேரத்தில் ஏலம்: விற்பவர் பொருளைத் தூக்கிக்கொண்டு சுற்றிவருவார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் விலை கேட்பார்கள். இதற்காகவே போகலாம்.

கட்டுப்பாடு:
ரிசானி: பெரிதாக இல்லை, வழிகாட்டுகிறேன் என்று ஒட்டிக்கொள்பவர்கள்தான் தொல்லை.
கர்தாயா: பெனி இஸ்குவெனுக்குள் உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது, அடக்கமான உடை வேண்டும்.

மணல்மேடும் ஒட்டகமும் கேட்கும் ஜோடிக்கு ரிசானியும், அதன் அருகே மணல்மேடுகளை ஒட்டிய மெர்சூகா ஊரும்தான். கட்டடக்கலைப் பித்து இருந்தால் 1982-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ம்ஸாப் பள்ளத்தாக்குக்கு, அதாவது கர்தாயாவுக்கு. என் ஓட்டு இதற்கே.