அமீபா புண்ணுக்கு எந்தச் சொட்டு, பூஞ்சைப் புண்ணுக்கு எந்தச் சொட்டு

பெங்களூர் அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ "கண்ணு சிவந்து வலிக்குது" என்று கடையில் கேட்டால், சில சமயம் ஸ்டீராய்டு கலந்த சொட்டே கைக்கு வந்துவிடும். கருவிழியில் புண் உண்டாக்கியிருப்பது அகாந்தமீபா என்ற அமீபாவாக இருந்தால், அந்தச் சொட்டு நிலைமையை மோசமாக்கிவிடும். மேல்தொட்டித் தண்ணீர், ஈரமண் இரண்டிலும் இருக்கும் இந்த ஒருசெல் உயிரி, ஆபத்து என்றால் இரட்டைச் சுவர் கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்தக் கூட்டையும் கொல்வதே நல்ல மருந்து.

அமீபாவுக்கு எங்கள் முதல் தேர்வு பி.எச்.எம்.பி. (பாலிஹெக்சாமெத்திலீன் பைகுவனைடு) 0.02%. இது கிருமிநாசினி வகை. முதல் 2 நாள் இரவிலும் எழுப்பி மணிக்கொரு சொட்டு, பிறகு பகலில் மட்டும், அப்புறம் மெல்லக் குறைத்து மாதக்கணக்கில். வலி குறைந்ததும் நிறுத்தினால், மிஞ்சிய கூடுகளிலிருந்து மறுபடி கிளம்பும். சாதாரணக் கடையில் இது கிடைப்பது அரிது. கண் மருத்துவமனை மருந்தகத்தில் கலந்து தருவார்கள். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டு வாங்குங்கள்.

குளோரெக்சிடின் 0.02% ஏறக்குறைய அதே பலன் தரும். ஆனால் இதே பெயர் காயம் கழுவும் திரவப் புட்டியிலும் இருக்கும். அதன் வீரியம் பல மடங்கு, சோப்புப் பொருளும் சேர்ந்திருக்கும். அதை வீட்டில் தண்ணீர் கலந்து கண்ணில் விட்டால் கருவிழி வெந்துபோகும். தயவுசெய்து வேண்டாம்.

நாட்டமைசின் 5% பூஞ்சைக்கு, அதிலும் பியூசேரியம் என்ற பூஞ்சை வகைக்கு, மிக நல்ல மருந்து. மதுரை அரவிந்த் மருத்துவமனையும் பங்கேற்று 2013இல் வெளியான ஆய்வில் இது வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை முந்தியது. பால்போல் கலங்கிய மருந்து. குலுக்காமல் விட்டால் மேலே தெளிந்த நீர்தான் கண்ணில் விழும். புண்மேல் படியும் வெள்ளைப் படிவைச் சீழ் என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள், அது மருந்துதான். ஆழமாக இறங்காதது இதன் குறை. அமீபாவுக்கு இதை மட்டும் நம்ப முடியாது. வோரிகோனசோல் 1%ஐ அமீபாவுக்குச் சில மருத்துவர்கள் துணை மருந்தாகச் சேர்ப்பதுண்டு.

இரண்டு புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். அதனால் புண்ணைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கால்கோஃப்ளூர் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்த பிறகே சொட்டை முடிவு செய்ய வேண்டும். கே.ஆர். மார்க்கெட் பக்கம் அரசு மின்டோ கண் மருத்துவமனை இருக்கிறது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் உடனே கழற்றிவிட்டு, லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் எடுத்துப் போங்கள். அதிலிருந்தும் அமீபாவை வளர்த்துப் பார்க்க முடியும்.